பர்மா அரிசி நின்றபோது
(போர்க்காலப் பங்கீடும் எல்லைப்புறத் தமிழரும்)

இரண்டாம் உலகப் போரின் வரலாற்றை எழுதியோர் போர்க்களங்களைப் பற்றியும் தளபதிகளைப் பற்றியும் நூல் நூலாக எழுதிக் குவித்துள்ளனர். ஆயின், பாலக்காட்டுக் கணவாயிலும் உயர்மலைத் தோட்டங்களிலும் வாழ்ந்த நம் முன்னோர் அப்போரைக் கண்டது களத்தில் அன்று, சோற்றுப் பானையில்தான். இப்பகுதியில் ஒரு குண்டும் விழவில்லை. பகைவர் படை எட்டியும் பார்க்கவில்லை. எனினும், ஒரு குடும்பம் ஒரு வாரத்தில் எவ்வளவு உண்ணலாம், ஓர் ஆண்டில் எவ்வளவு உடுக்கலாம், விளக்கெரிக்க எத்தனை பாட்டில் மண்ணெண்ணெய் வாங்கலாம் என்பனவற்றை அரசாங்கமே அளந்து கொடுக்கும் காலம் வந்து சேர்ந்தது. அக்காலத்தைப் பற்றி நம் சங்கத்து ஆண்டு மலரில் எழுதுவது பொருந்தும் என்றே கருதுகிறேன். ஏனெனில், அக்காலத்தில் எழுதப்பட்ட ஏடுகளில்தான் நம்மவர் பலரின் பெயர் முதன்முதலாக இம்மண்ணில் வீட்டெண்ணுடன் பதியப்பட்டது.

முதலில் அன்றைய ஆட்சி எல்லைகளை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இன்று ஒரே மாநிலமாய்க் கிடக்கும் இந்நிலப்பரப்பு அன்று மூன்று அரசாங்கங்களின் கீழ் இருந்தது. பாலக்காடு தாலுகா சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு அடுத்திருந்த சித்தூர் தாலுகாவோ கொச்சி மன்னரின் ஆட்சிக்குட்பட்டது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் நாட்டின் தாலுகாக்கள். இவற்றுக்குக் கிழக்கே பொள்ளாச்சியும் போடியும் கம்பமும் மீண்டும் சென்னை மாகாணம். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் காலையில் கொச்சி நாட்டில் ஏர் பூட்டி, நண்பகலில் சென்னை மாகாணத்தில் பெண் கொடுத்த சம்பந்தி வீட்டில் கை நனைத்து, பொழுது சாயுமுன் திரும்பிவிடலாம். எல்லை என்பது வரைபடத்தில் இருந்ததேயன்றி வாழ்க்கையில் இருந்ததில்லை. அதனை வாழ்க்கைக்குள் கொண்டுவந்து நட்டது நெல்லின் மீது விதிக்கப்பட்ட கட்டுப்பாடே.

இதற்குக் காரணம் யாதெனின், பர்மா. போருக்கு முந்திய ஆண்டுகளில் இந்தியா ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கு மேற்பட்ட அரிசியை வெளியிலிருந்து, பெரும்பாலும் பர்மாவிலிருந்து, தருவித்து உண்டது. நாடு முழுவதும் விளைந்த அரிசியோடு ஒப்பிட்டால் இது சிறு பங்கே. ஆனால் அச்சிறு பங்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதே கேள்வி. 1941-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி திருவிதாங்கூரில் 60 லட்சம் மக்களும் கொச்சியில் 14 லட்சம் மக்களும் இருந்தனர். தென்னை, மிளகு, ஏலம், தேயிலை, இரப்பர் என்று விற்கும் பயிர்களுக்கு நிலத்தை ஒதுக்கிவிட்டு, உண்ணும் அரிசியைக் கப்பலில் வரவழைத்த நாடுகள் இவை. திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழப் பாதிக்கு மேல் வெளியிலிருந்தே பெற்றது. உயர்மலையிலோ சொல்லவே வேண்டா. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தோர் உண்ட அரிசி முழுவதும் மலைக்குக் கீழிருந்து ஏறி வந்ததே. 1942 மார்ச்சு மாதத்தில் இரங்கூன் சப்பானியர் வசமாயிற்று. கப்பல் நின்றது, அரிசியும் நின்றது.

அரிசி நின்றது மட்டுமோ? மலைக்கு அரிசியை ஏற்றிவந்த வழியும் குறைந்தது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-இல் போடப்பட்ட இருப்புப் பாதை போர்த் தேவைக்காக 1942-இல் பெயர்த்தெடுக்கப்பட்டது. சோரனூரிலிருந்து நிலம்பூருக்குச் சென்ற பாதைக்கும் அதே கதி நேர்ந்தது. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, ஐம்பதுகளிலேதான் இரண்டும் மீண்டும் போடப்பட்டன. உண்பதற்கு இல்லாத காலத்தில் உணவு வரும் தண்டவாளத்தையே கழற்றிக் கொண்டுபோன விந்தையை என்னென்பது!

இனி, பங்கீடு என்னும் இம்முறை எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். இதன் முழு வடிவத்தை அன்று நடத்திக் காட்டிய நாடு பிரிட்டன். போர் தொடங்கிய நான்காம் வாரத்திலேயே, 1939 செப்டம்பர் 29-ஆம் நாள், அந்நாட்டினர் ஒவ்வொருவரையும் வீடு வீடாகப் பதிவு செய்து அடையாளச் சீட்டு வழங்கினர். அப்பதிவைக் கொண்டே பங்கீட்டுப் புத்தகங்கள் எழுதப்பட்டன. 1940 சனவரி 8 முதல் பன்றியிறைச்சியும் வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டிற்கு உள்ளாயின. ஓர் ஆளுக்கு வாரம் ஒன்றுக்கு வெண்ணெய் 4 அவுன்சு, சர்க்கரை 12 அவுன்சு. 1941 சூன் முதல் துணிக்கும் சீட்டு; ஆண்டுக்கு 66 சீட்டுக்குள் மேலாடை, உள்ளாடை, காலணி அனைத்தையும் முடித்துக் கொள்ள வேண்டும். பெரிய கடைகளை நடத்திப் பழகிய வணிகரான வுல்டன் பிரபு என்பாரை உணவு அமைச்சராக்கினார்கள். செல்வரும் ஏழையரும் ஒரே அளவைப் பெற்றனர் என்பதே அம்முறையின் உயிர்நாடி. பணம் படைத்தோருக்கு உணவு விடுதிகள் என்னும் புறவழி திறந்திருந்தது என்ற முணுமுணுப்பும் அங்கு இல்லாமற் போகவில்லை.

இவ்விடத்தில் நம் தோட்டத்துக் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1940 சூலையில் பிரிட்டன் தேயிலையையும் பங்கிட்டது. ஆளுக்கு வாரம் 2 அவுன்சு. அத்தேயிலையை இந்தியாவிலும் இலங்கையிலும் மொத்தமாக வாங்கிக் கொண்டது அந்நாட்டு உணவு அமைச்சகமே. இலண்டன் தேயிலை ஏலம் போர் தொடங்கியதும் நிறுத்தப்பட்டு 1951-இல்தான் மீண்டும் நடந்தது. ஆகவே, மூணாற்று மலைச்சரிவில் தமிழ்ப் பெண்ணொருத்தி கிள்ளிய கொழுந்துக்கு உறுதியான கொள்முதலும் கப்பலும் இருந்தன. அவள் வீட்டு உலைக்கு வரவேண்டிய அரிசிக்கு இரண்டும் இல்லை. பேரரசின் ஒரு முனையில் தேநீர்க் கோப்பை காலியாகாதபடி கணக்கெழுதிய அலுவலகத்துக்கு, மறுமுனையில் கஞ்சிக் கலயம் காலியாவது கணக்கில் வரவில்லை.

இந்திய அரசாங்கம் விழித்துக்கொள்ளத் தாமதமாயிற்று. இந்தியப் பாதுகாப்புச் சட்டம் 1939-லேயே பிறந்துவிட்டது. அதனைக் கொண்டு ஒருவரைச் சிறையிலிட முடிந்ததேயன்றிச் சோறிட முடியவில்லை. பம்பாய் நகரில் 1943 மே மாதத்தில் பங்கீடு வந்தது. வங்காளத்தில் மக்கள் தெருத்தெருவாக மாண்டுகொண்டிருந்த அதே 1943 முழுவதும் கல்கத்தாவில் முறையான பங்கீடு இல்லை. 1944 சனவரி இறுதியில்தான் தொடங்கியது. அப்பஞ்சத்தில் இறந்தோர் 15 லட்சம் என்று சர் சான் உட்ஹெட் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு கணக்கிட்டது. பின்னாளைய ஆய்வாளர் அதனை 30 லட்சம் வரை உயர்த்துவர். சர் தியோடர் கிரிகரி தலைமையில் 1943-இல் கூடிய உணவுக் கொள்கைக் குழு, பெரு நகரங்களில் பங்கீடு வேண்டும் என்றும், வளர்ந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் தரலாம் என்றும் பரிந்துரைத்தது. நகரங்களில் மட்டும்! சிற்றூர் மக்கள் எப்படியேனும் பிழைத்துக் கொள்வர் என்பது அன்றைய ஆள்வோரின் எண்ணம்.

அவ்வெண்ணத்துக்கு மாறாக நடந்தவை கொச்சியும் திருவிதாங்கூருமே. அவ்விரு நாடுகளும் நகரம், சிற்றூர் என்ற வேற்றுமையின்றி நாடு முழுவதையும் பங்கீட்டின் கீழ்க் கொண்டுவந்தன. விளைவிக்கும் உழவரிடம் குடும்பத்துக்கு வேண்டியதை விட்டு மிகுதியை அரசு கொள்முதல் செய்தது; விளைவில்லாத குடும்பத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தது; கிராமந்தோறும் கடை அமைத்தது. அன்றைய இந்தியாவில் இது புதுமை. உட்ஹெட் குழுவும் தன் அறிக்கையில் இதனை எடுத்துக் காட்டியது. அப்போது திருவிதாங்கூரின் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர். அவருடைய அரசியலைப் பற்றி எத்தனையோ குறை கூறலாம், கூறியும் உள்ளனர். ஆனால் சேற்றில் நிற்கும் கூலியாளுக்கும் சீட்டு உண்டு என்று அவ்வரசு ஏற்றது மறைக்கத்தக்கதன்று.

சீட்டு எவ்வாறு வந்தது? முதலில் அதிகாரிகள் வீட்டுக்கு எண் போட்டனர். பின்னர்க் குடும்பத் தலைவர் பெயர், உறுப்பினர் தொகை, பெரியவர் எத்தனை, குழந்தைகள் எத்தனை, சொந்த விளைச்சல் எவ்வளவு என்று பதிந்தனர். பிறந்த குழந்தையைச் சேர்க்க வேண்டும்; இறந்தவரைக் கழிக்க வேண்டும். இறந்தவர் பெயரைக் கழிக்கக் குடும்பங்கள் காட்டிய தயக்கத்தில் துயரம் மட்டுமே இருந்தது என்று சொல்வதற்கில்லை. மேலும், கடைக்காரர் அளப்பதோ பவுண்டும் அவுன்சும். நம் பெண்டிர் அறிந்ததோ நாழியும் இடங்கழியும் படியும். 12 அவுன்சு என்பது எத்தனை பிடி என்று அறியாத தாய்க்கு, அளவு சரியா தவறா என்று கேட்பதற்கும் வழியில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே!

கிரிகரி குழு சொன்ன ஒரு பவுண்டு, 1946-இல் இந்தியா முழுவதும் 12 அவுன்சாகக் குறைக்கப்பட்டது. திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் தொடக்கத்திலிருந்தே ஒரு பவுண்டு கிடைத்ததில்லை. அரிசிக்கு ஈடாகக் கோதுமையும் கம்பும் சோளமும் வந்தன. கோதுமையை என்ன செய்வதென்று அறியாது அரிசியைப் போலவே வேகவைத்து வைத்த வீடுகள் உண்டு. உண்மையில் அந்நாட்களில் மக்களைத் தாங்கி நின்றது மரவள்ளிக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அப்பயிரைப் பரப்ப ஊக்கமளித்தவர். அறுபது ஆண்டு கழித்து அவர் ஊக்கம் பலன் தந்தது. ஆயினும் கிழங்கு வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. கே. ஜி. சிவசாமி என்பார் திருவிதாங்கூரின் உணவுப் பஞ்சத்தையும் அதனால் வந்த நோய்களையும் ஆராய்ந்து எழுதிய நூல் 1945-இல் கோயம்புத்தூரிலிருந்து வெளிவந்தது. பாராட்டுப் பெற்ற பங்கீட்டின் நிழலிலேயே சத்தின்மையால் வீங்கிய கால்களும் இருந்தன என்பதை அந்நூல் காட்டுகிறது. குழுவின் பாராட்டும் மெய்; சிவசாமி கண்டதும் மெய். சீட்டு முறை மக்களைப் பெருஞ்சாவிலிருந்து காத்தது, பசியிலிருந்து காக்கவில்லை.

பாலக்காட்டுப் பக்கத்தில் நிலைமை வேறு விதம். மலபாரின் நெற்களஞ்சியம் அதுவே. ஆகையால் அங்கே கேள்வி, அரிசி எங்கிருந்து வரும் என்பதன்று. விளைந்த நெல்லை யார் கொண்டுபோவது என்பதே. அரசாங்கம் குறித்த விலைக்குக் குடியானவர் நெல்லை அளக்க வேண்டும். வண்டியிலேற்றி எல்லையைக் கடப்பது குற்றம். வாளையாற்றிலும் மீனாட்சிபுரத்திலும் கோவிந்தாபுரத்திலும் எல்லை என்ற சொல்லுக்குப் புதிய பொருள் பிறந்தது. அப்படியே கிழக்கே போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி. பள்ளத்தாக்கில் விலை குறைவு, மலையில் விலை மிகுதி. இடையில் ஒரு காட்டுப் பாதை. தலைச்சுமையாக இரவில் அரிசி ஏறாமலிருக்குமா? சட்டம் இதனைக் கடத்தல் என்றது. அக்காள் வீட்டுக்கு இரண்டு படி அரிசி கொண்டுபோன தம்பியும், மூட்டை மூட்டையாகப் பதுக்கிக் கள்ளச் சந்தையில் விற்ற வணிகரும் அச்சட்டத்தின் முன் ஒரே இனம். பிடிபட்டோர் பெரும்பாலும் முன்னவரே என்பது என் கருத்து. ஏனெனில், நடந்து செல்பவனைப் பிடிப்பது எளிது.

1943-இல் மலபாரில் வாந்திபேதி பரவிப் பசியால் மெலிந்திருந்தோரை வாரிக்கொண்டு போயிற்று. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக இந்திய ஊழியர் சங்கத்தார் விடுதிகள் நடத்தினர். போர் முடிந்த பின்னும் நெல் பற்றிய கொதிப்பு அடங்கவில்லை. 1946 டிசம்பர் 20 அன்று வட மலபாரின் கரிவெள்ளூரில், ஊர் நெல்லை வெளியே கொண்டுபோவதைத் தடுத்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் மாண்டனர்.

அரிசியை விட்டுப் பிற பொருள்களுக்கு வருவோம். மண்ணெண்ணெயும் பர்மாவிலிருந்தே வந்தது. ஆகவே மாலையில் விளக்கேற்றுவதும் சுருங்கியது. 1943-இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது; ‘கண்ட்ரோல் துணி’ என்ற சொல் அன்று முதல் முரட்டுத் துணிக்குப் பெயராயிற்று. பெட்ரோல் கிடைக்காமல் பேருந்துகள் பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு மூச்சிரைத்து ஓடின. மலையேற்றத்தில் பயணிகள் இறங்கித் தள்ளுவதும் பயணத்தின் பகுதியே. செம்புத் தட்டுப்பாட்டால் 1943-இல் நடுவே துளையிட்ட காலணா வந்தது. ‘ஓட்டைக் காலணா’ என்று நம் பாட்டிமார் சொன்னது இதனையே. கடிகாரத்தையும் போர் விட்டுவைக்கவில்லை. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்திய நேரம் ஒரு மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தது. இராகுகாலம் பார்த்து வெளிக்கிளம்பும் நம்மவர்க்கு, பஞ்சாங்கத்து மணி வேறு, புகைவண்டி மணி வேறு என்று கூட்டிக் கழிக்கும் வேலையும் சேர்ந்தது.

நம் குடும்பங்களுக்கு மிக நெருக்கமான செய்தியை இனிச் சொல்ல வேண்டும். தோட்டங்களில் அரிசி பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் வழியாகவே வந்தது. தொழிலாளிக்குச் சகாய விலையில் அரிசி கொடுப்பது அங்கு வழக்கமாயிற்று. இது நன்மையே. ஆனால் இதனால் ஒரு கட்டும் விழுந்தது. செக்ரோலில் பெயர் உள்ளவரைதான் அரிசி. வேலையை விட்டு நீங்கினால் கூலி போவதோடு சோறும் போகும். கங்காணியோடு பிணங்கினோர் மலையிறங்க அஞ்சியது இதனாலேயே.

மற்றொரு மாற்றம் நிலத்தில் நிகழ்ந்தது. ‘உணவுப் பயிரைப் பெருக்குக’ என்னும் இயக்கத்தின் பெயரால் திருவிதாங்கூர் அரசு, உயர்மலைப் பகுதியின் காடுகளையும் சதுப்பு நிலங்களையும் குத்தகப்பாட்டமாகக் கொடுத்தது. உணவுப் பயிரிடுவதற்கென்று சில ஆண்டுக் குத்தகையாகத் தரப்பட்ட நிலம் அது. மத்திய திருவிதாங்கூரிலிருந்து உழவர்கள் மலையேறினர். வேறு பலர் மலபார்க் காடுகளுக்குச் சென்றனர். குத்தகை தற்காலிகம், குடியேற்றமோ நிலைத்துவிட்டது. 1955-இல் திருவிதாங்கூர்–கொச்சி அரசு உயர்மலைக் குடியேற்றத் திட்டம் ஒன்றை வகுத்து, தேவிகுளம் பகுதியில் குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் வீதம் நிலம் வழங்கியது. மாநிலப் பிரிவினைக் கிளர்ச்சி மும்முரமாயிருந்த காலம் அது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டுக்கே என்று ஒரு சாரார் கேட்டனர். தோட்டத் தமிழர் வந்து போகும் கூலிகளேயன்றி நிலையான குடிகள் அல்லர் என்று மறு சாரார் வாதிட்டனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் அவ்விரு தாலுகாக்களும் கேரளத்தோடு நின்றன. முடிவு சரியா தவறா என்னும் வழக்கை இம்மலரில் மீண்டும் தொடங்குவது என் நோக்கமன்று. ஆனால், மூன்று தலைமுறையாக ஒரே வரிசை வீட்டில் குடியிருந்து, பங்கீட்டு ஏட்டில் வாரந்தோறும் பெயர் பதியப்பெற்ற ஒருவர் ‘வந்து போகிறவர்’ ஆனது எங்ஙனம் என்ற கேள்வி எழாமலிருக்க முடியாது. ஒரே மலையில் ஒருவருக்கு நிலத்தின் மீது பெயர் எழுதப்பட்டது. மற்றவருக்கு அரிசியின் மீது மட்டுமே எழுதப்பட்டது.

போர் 1945-இல் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. 1947 இறுதியில் காந்தியடிகளின் வற்புறுத்தலால் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. விலை ஏறியதால் 1948-இல் மீண்டும் வந்தது. சென்னை மாகாணத்தில் 1952 சூனில் இராசாசி துணிந்து நீக்கினார். 1954-இல் இரபி அகமது கித்வாய் மத்திய உணவு அமைச்சராக இருந்தபோது நாடெங்கும் அரிசிக் கட்டுப்பாடு நீங்கியது. போரில் வென்ற பிரிட்டனும் அதே 1954 சூலை 4-ஆம் நாள் வரை பங்கீட்டிலேயே இருந்தது. போர்க்காலத்தில்கூடப் பங்கிடப்படாத ரொட்டி, 1946 முதல் 1948 வரை அங்குப் பங்கிடப்பட்டது என்பது பலர் அறியாதது. பாலக்காட்டில் அக்காலத்துப் பசி விட்டுச்சென்ற நற்பேறு மலம்புழை அணை. 1949-இல் சென்னை அரசு தொடங்கிய அவ்வணையை 1955 அக்டோபரில் முதலமைச்சர் காமராசர் திறந்து வைத்தார்.

நீங்கிய சீட்டு பத்தாண்டுக்குள் திரும்பிற்று. 1960-களின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு மீண்டும் கடுமையாகவே, கேரளம் பங்கீட்டு முறையைப் புதுப்பித்தது. 1966-இல் கேரளப் பங்கீட்டு ஆணை பிறந்தது. இம்முறை கார்டு வீட்டைவிட்டுப் போகவே இல்லை. பள்ளியில் சேர்க்கவும், வாக்காளர் பட்டியலில் எழுதவும், இன்ன ஊரில் இருக்கிறேன் என்று மெய்ப்பிக்கவும் அதுவே சான்றாயிற்று. 1997-இல் வறுமைக் கோட்டின் மேல், கீழ் என்று கார்டுகள் பிரிந்தன. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வேறொரு வகையாகப் பிரித்தது. ஒரு மாநிலத்துக் கார்டுக்கு மற்றொரு மாநிலத்தில் தானியம் பெறும் ஏற்பாடு 2020-ஐ ஒட்டி இவ்விரு மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்தது. கம்பமெட்டுக் காட்டுப் பாதையில் தலைச்சுமையோடு நடந்தவர்கள் இதனைக் கேட்டால் நம்புவரோ!

இனி ஒரு வேண்டுகோள். போர்க்காலத்துச் சீட்டோ, தோட்டத்து அரிசிக் கணக்கோ, குத்தகப்பாட்டத் தாளோ நம் வீடுகளின் பழைய டிரங்குப் பெட்டிகளில் இன்னும் இருக்கக்கூடும். கறையான் தின்பதற்கு முன் அவற்றை எடுத்துச் சங்கத்துக்குக் காட்டினால், படம் பிடித்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிடலாம். ஓட்டைக் காலணாவும் இருந்தால் நல்லதே. ஆனால் பெயரும் வீட்டெண்ணும் எழுதிய தாளே முதலில் வேண்டும்.